வீட்டுக்குள் ஒரு கிடங்கு: அச்சமா, அனுபவமா?

புது தில்லி: கடந்த 2025-ஆம் ஆண்டு மே மாதத்தின் இரண்டாவது வாரம். பஞ்சாப், ஜம்மு, ராஜஸ்தான் எல்லை மாவட்டங்களில் இரவு நேரங்களில் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அபாயச் சங்கு ஒலிக்கும்போது எங்கே ஒதுங்குவது என்று சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்த அதே பெற்றோர், பொழுது விடிந்ததும் மளிகைக் கடைகளின் முன்னால் வரிசையில் நின்றனர். கோதுமை மாவு, அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், மெழுகுவத்தி, டார்ச் விளக்குக்கான பேட்டரி என்று பட்டியல் நீண்டது. பெட்ரோல் நிலையங்களிலும் கூட்டம். பல கடைகளில் மாதக் கடைசியில் வாங்க வேண்டிய சாமான்களை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிச் சென்றனர்.

மே 9-ஆம் தேதி மத்திய உணவுத் துறை அமைச்சர் பிரஹ்லாத் ஜோஷி ஓர் அறிக்கை வெளியிட்டார். நாட்டில் எந்த உணவுப் பொருளுக்கும் தட்டுப்பாடு இல்லை, வதந்திகளை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். அத்துடன் கணக்கும் கொடுத்தார். அரசிடம் இருந்த அரிசி ஏறத்தாழ 356 லட்சம் டன். கையிருப்பில் இருக்க வேண்டிய அளவோ 135 லட்சம் டன்தான். கோதுமை 383 லட்சம் டன். இருக்க வேண்டியது 276 லட்சம் டன். எண்ணெய் நிறுவனங்களும் எரிபொருள் போதுமான அளவு இருப்பதாக அறிவித்தன. அதே நாளில் சண்டீகர் நிர்வாகம் அத்தியாவசியப் பொருள்களைப் பதுக்குவதற்குத் தடை விதித்து உத்தரவு பிறப்பித்தது.

அமைச்சர் கொடுத்த கணக்கில் குறை இல்லை. எனினும், அன்று கடை வாசலில் நின்ற குடும்பத் தலைவியின் கேள்வி வேறு. அரசுக் கிடங்கில் எத்தனை லட்சம் டன் இருக்கிறது என்பது அவரது கவலை அல்ல. அந்தக் கிடங்கிலிருந்து தமது தெருமுனைக் கடை வரை சாலை திறந்திருக்குமா, கடைக்காரர் கடையைத் திறப்பாரா, திறந்தாலும் நேற்றைய விலைக்கே கொடுப்பாரா என்பவைதாம் அவரது ஐயங்கள். லட்சம் டன் கணக்குகளில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை.

இந்திய வீடுகள் நெருக்கடிக்கென்று பொருள்களைச் சேர்த்து வைப்பது புதிதல்ல. ஆனால் எங்கே, எதை, எப்போது, எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று பார்த்தால், அச்சம் என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்கிவிட முடியாது என்பது புலப்படும். பதற்றத்தில் வாங்கும் வீடு ஒரு வகை. பழக்கத்தால் சேர்க்கும் வீடு மற்றொரு வகை. இரண்டுக்கும் அடியில் இருப்பது, இதற்கு முன் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் என்னவாயின என்ற நினைவு.

உப்புக்காக ஓடிய இரவு

பதற்றத்துக்கு எடுத்துக்காட்டு தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி மாலை. 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு மூன்று நாள்களே ஆகியிருந்தன. வங்கிகளின் முன்னால் நீண்ட வரிசை. அந்த நேரத்தில் உத்தரப் பிரதேசத்தின் சில நகரங்களில் உப்பு தீர்ந்துவிட்டது, கிலோ 200 ரூபாய், 400 ரூபாய் என்று விற்கிறது என்ற பேச்சு கிளம்பியது. சில மணி நேரத்தில் அது தில்லிக்கும் மும்பைக்கும் ஹைதராபாதுக்கும் பரவியது. 20 ரூபாய்க்குள் கிடைத்து வந்த ஒரு கிலோ உப்புப் பொட்டலத்துக்காக மக்கள் இரவில் கடைக் கதவுகளைத் தட்டினர். கான்பூரில் கூட்ட நெரிசலில் சிக்கி ஒரு பெண் உயிரிழந்ததாகச் செய்தி வந்தது.

அப்போதைய நுகர்வோர் நலத் துறை அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான், உப்புக்குத் தட்டுப்பாடே இல்லை என்று உடனடியாக மறுத்தார். அவர் கூறியது முழுக்க முழுக்க உண்மை. இந்தியா ஆண்டுக்கு 200 லட்சம் டன்னுக்கும் அதிகமாக உப்பு விளைவிக்கும் நாடு. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குஜராத் கடற்கரையில் விளைகிறது. அதற்கடுத்த இடம் தூத்துக்குடி உள்ளிட்ட தமிழகத்து உப்பளங்களுக்கு. மக்கள் உண்பதற்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு உற்பத்தியாகி, மிச்சம் ரசாயன ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் செல்கிறது.

வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ஒன்றரைக் கிலோ போதும். அன்றிரவு 10 கிலோ வாங்கிச் சென்றவர், அடுத்த ஆறு மாதங்களுக்கு மேல் உப்புக் கடைப் பக்கமே போக வேண்டிய தேவை இல்லாதவர் ஆனார். இது கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் உப்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தர்க்கம் இருந்தது. உப்பு கெட்டுப் போகாது. விலை மலிவு. அது இல்லாமல் எந்தச் சமையலும் இல்லை. கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் ஏதேனும் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றால் உப்பை விடப் பொருத்தமான பொருள் கிடையாது. கடற்கரையே இல்லாத பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்பு என்பது எங்கோ தொலைவிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் பண்டம் என்பதையும் மறந்துவிடலாகாது. 2013-ஆம் ஆண்டு நவம்பரில் இதே போன்ற உப்பு வதந்தி பிகாரில் கிளம்பி மேற்கு வங்கம் வரை பரவியது நினைவிருக்கலாம்.

மேலும் ஒன்று உண்டு. அந்த நவம்பரில் கையிலிருந்த பணமே ஒரே இரவில் செல்லாமற் போனதை மக்கள் கண்டிருந்தனர். நோட்டு செல்லாமற் போகலாம் என்றால் உப்பு மட்டும் தீராதா என்று எண்ணியவரை அறிவிலி என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் எண்ணத்தில் நியாயம் இல்லை என்று நிரூபிப்பது கடினம்.

எல்லோரும் நம்பிவிட்டால் பொய்யும் மெய்யாகும் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் வங்கி ஒன்றின் கற்பனைக் கதையைக் கொண்டு விளக்கினார். திடமாக இருந்த வங்கி, அது திவாலாகப் போகிறது என்ற வதந்தியை நம்பி எல்லோரும் ஒரே நாளில் பணத்தை எடுக்க வந்ததாலேயே திவாலாகிறது. உப்புக் கடையிலும் நடந்தது அதுவே. காலையில் தட்டுப்பாடு இல்லை. இரவில் பல கடைகளில் உண்மையாகவே உப்பு இல்லை. வதந்தியை நம்பாத ஒருவர், மற்றவர்கள் நம்புவார்கள் என்பதை நம்பினார் என்றால், அவரும் வரிசையில் நிற்பதுதான் அவருக்கு லாபம். அதனால்தான் மறுப்பு அறிக்கைகள் இத்தகைய இரவுகளில் பலன் தருவதில்லை. மறுப்பைப் படிப்பவர்களே, இவ்வளவு பெரியவர் மறுக்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டதா என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றனர்.

காஷ்மீரத்து உலர்காய்கள்

இதற்கு நேர் மாறான காட்சியைக் காண ஸ்ரீநகருக்குச் செல்ல வேண்டும். கோடையின் பிற்பகுதியில் அந்த நகரின் பழைய வீடுகளிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் மாலை மாலையாகச் சுரைக்காய்த் துண்டுகள் கயிற்றில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். கத்தரிக்காய் நீளவாக்கில் கீறி உலர்த்தப்படும். தக்காளி, டர்னிப் கிழங்கு, கீரைகள், சிறு மீன்கள் யாவும் வெயிலில் காயும். உலர்ந்த காய்கறிகளுக்கு அங்கே 'ஹோக் ஸ்யுன்' என்று பெயர். ஆண்டுதோறும் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 'சில்லாய் கலான்' என்னும் 40 நாள் கடுங்குளிரில் அவை ஊறவைக்கப்பட்டுச் சமையலுக்கு வரும். அதன் பின்னும் 20 நாள் சிறு குளிரும், 10 நாள் இளங்குளிரும் உண்டு.

அங்கே எவரும் பதற்றப்படுவதில்லை. அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், காங்கடிச் சட்டிக்குக் கரி என்று ஒவ்வொன்றும் உரிய மாதத்தில் வீட்டுக்கு வந்து சேரும். நம் ஊர்களில் சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போடுவதைப் போன்ற காரியம்தான். வேறுபாடு ஒன்றே. நம் வீட்டில் வடகம் தீர்ந்தால் அப்பளம் பொரிக்கலாம். அங்கே, ஒரு காலத்தில், உலர்காய் தீர்ந்தால் காய் இல்லை.

காரணம் சாலை. பள்ளத்தாக்கை நாட்டின் பிற பகுதியுடன் இணைக்கும் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை சுமார் 270 கிலோ மீட்டர் நீளம் உடையது. 1956-இல் பானிஹால் மலையைக் குடைந்து ஜவாஹர் சுரங்கப் பாதை திறக்கப்படும் வரை குளிர்காலத்தில் அந்த வழி அடைபட்டே கிடந்தது. அதன் பின்னரும் ராம்பன் பகுதியில் நிலச்சரிவு என்றால் நூற்றுக்கணக்கான லாரிகள் நாள் கணக்கில் நிற்கும். 2019 பிப்ரவரியில் பனிப்பொழிவாலும் நிலச்சரிவாலும் சாலை ஒரு வாரம் வரை மூடப்பட்டபோது காய்கறி விலையும் இறைச்சி விலையும் ஏறின. 2021-இல் எட்டரைக் கிலோ மீட்டர் நீளமுள்ள புதிய பானிஹால்-காஸிகுண்ட் சுரங்கப் பாதை பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் ராம்பனின் மலைச் சரிவுகள் அப்படியேதான் இருக்கின்றன.

சாலை மேம்படும்போது பழக்கம் மாறுமா என்பதற்கு அண்டையிலுள்ள லடாக் ஒரு சோதனைக் களம். 11,500 அடிக்கு மேல் உயரமுள்ள ஸோஜி லா கணவாய் முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஐந்து, ஆறு மாதங்கள் மூடியே கிடக்கும். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் டர்னிப்பையும் மண்ணுக்கடியில் குழி தோண்டிப் புதைத்துவைக்கும் வழக்கம் அங்கு உண்டு. எல்லைச் சாலைகள் அமைப்பின் முயற்சியால் 2025-இல் அந்தக் கணவாய் 32 நாள்களிலேயே, ஏப்ரல் 1-ஆம் தேதி, மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே சுரங்கப் பாதைப் பணியும் நடைபெற்று வருகிறது. சேர்த்துவைக்கும் அளவு குறையலாம். ஆயினும் லே நகரத்து முதியவர்கள் அவ்வளவு விரைவில் குழி தோண்டுவதை விட்டுவிடுவார்கள் என்று தோன்றவில்லை.

சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று

காஷ்மீரில் இயற்கை மட்டுமே சாலையை மூடுவதில்லை. 2008-இல் அமர்நாத் நிலப் பிரச்னையை ஒட்டி ஜம்முவில் நடந்த போராட்டத்தின்போது சரக்குப் போக்குவரத்து தடைப்பட்டது. 2014 செப்டம்பரில் ஜீலம் நதி கரை புரண்டு ஸ்ரீநகரின் பெரும் பகுதியை மூழ்கடித்தபோது தரைத்தளத்தில் இருந்தவை அனைத்தும் நீருக்குள் போயின. 2016 கோடையில் பள்ளத்தாக்கில் ஊரடங்கு 50 நாள்களுக்கும் மேலாக நீடித்தது. ஒவ்வொன்றும் ஒரு பாடம் கற்பித்துச் சென்றது. ஆனால் அவை எல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிந்திருப்பது 2019-ஆம் ஆண்டின் ஜூலை இறுதியும் ஆகஸ்ட் தொடக்கமும்தான்.

அந்த நாள்களில் கூடுதல் துணை ராணுவப் படையினர் பள்ளத்தாக்குக்கு வந்து கொண்டிருந்தனர். ஜூலை மாதக் கடைசியில், பட்காமில் பணியாற்றிய ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் தமது பணியாளர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. நிலைமை மோசமாகலாம், குறைந்தது நான்கு மாதங்களுக்குத் தேவையான உணவுப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அதில் இருந்த அறிவுரை. அந்தக் கடிதத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை, அதை எழுத அவருக்கு அதிகாரமும் இல்லை என்று ரயில்வே நிர்வாகம் விளக்கமளித்தது.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அமர்நாத் யாத்ரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் கூடிய விரைவில் பள்ளத்தாக்கை விட்டுத் திரும்புமாறு மாநில உள்துறை அறிவுறுத்தியது. அன்று மாலையே பெட்ரோல் நிலையங்களிலும் ஏ.டி.எம். மையங்களிலும் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் வரிசை நீண்டது. அப்போதைய ஆளுநர் சத்யபால் மாலிக், பதற்றம் தேவையில்லை, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி நள்ளிரவில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. மறுநாள் அரசியல் சட்டத்தின் 370-ஆவது பிரிவு அளித்த சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டது. பள்ளத்தாக்கு கடும் கட்டுப்பாடுகளின் கீழ் வந்தது.

அந்த நடவடிக்கை சரியா, தவறா என்பது வேறு விவாதம். உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தும் விட்டது. வீட்டுக் கிடங்கைப் பொருத்தவரை கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஆகஸ்டில் மறுப்பு அறிக்கையை நம்பி வெறுங்கையுடன் வீடு திரும்பியவர் பின்னர் திண்டாடினார். அடிப்படையற்றது என்று ஒதுக்கப்பட்ட கடிதத்தை நம்பி மூட்டை அரிசி வாங்கியவர் சமாளித்தார். இந்த அனுபவத்துக்குப் பிறகு, பதற்றம் வேண்டாம் என்ற அறிவிப்பைக் கேட்டவுடன் ஒரு காஷ்மீரத்துக் குடும்பம் கடைக்குத்தான் போகும். அது வதந்திக்கு இரையாவதாகாது. பட்டறிந்ததன் விளைவு.

ஆனால் சேர்த்துவைத்தவர்களுக்கும் அப்போது தெரியாத ஒன்று இருந்தது. அரிசியைச் சேர்க்கலாம், பால் பவுடரைச் சேர்க்கலாம்; தொலைபேசி இணைப்பைச் சேர்த்துவைக்க வழியில்லை. மாதச் சந்தா செல்பேசிகள் மீண்டும் ஒலித்தது அக்டோபர் 14-ஆம் தேதிதான். வேகமான 4ஜி இணையம் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று.

மணிப்பூரின் இரு சாலைகள்

மலை சூழ்ந்த மற்றொரு பள்ளத்தாக்கிலும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. மணிப்பூர் தலைநகர் இம்பாலுக்கு வெளியிலிருந்து சரக்கு வரும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று நாகாலாந்தின் திமாப்பூர், கோஹிமா வழியாக வரும் நெடுஞ்சாலை. மற்றொன்று அஸ்ஸாமின் சில்சாரிலிருந்து ஜிரிபாம் வழியாக வருவது. இரண்டும் மலை மாவட்டங்களைக் கடந்தே பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். ஆகவே கோரிக்கை எதுவானாலும் சாலையை மறிப்பதே அங்கு போராட்ட முறையாகிவிட்டது. 2010-இல் இரு மாதங்களுக்கும் மேலாக மறியல். 2011-இல் ஸதர் ஹில்ஸ் பகுதியைத் தனி மாவட்டமாக்கக் கோரி குகி அமைப்புகள் ஒரு மறியலையும், அதை எதிர்த்து நாகா அமைப்புகள் மற்றொரு மறியலையும் நடத்த, நான்கு மாதங்கள் சாலைகள் முடங்கின. 2016 நவம்பரில் புதிய மாவட்டங்கள் அமைப்பதை எதிர்த்துத் தொடங்கிய மறியல் 2017 மார்ச் வரை நீடித்தது.

2011 மறியலின்போது இம்பாலில் சமையல் எரிவாயு உருளை வெளிச் சந்தையில் 1,500 ரூபாயைத் தாண்டியது. பெட்ரோல் சாலையோரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களில் விற்கப்பட்டது. அதற்குப் பின்னர் இம்பால் வீடுகளின் சேமிப்புக்கு ஒரு திட்டமான வடிவம் உண்டு. நெல் பள்ளத்தாக்கிலேயே விளைவதால் அரிசி முதல் கவலை அல்ல. முதல் கவலை எரிவாயு. கூடுதல் உருளை ஒன்றை நிரப்பி வைத்திருப்பார்கள். எரிவாயு அடுப்பு இருந்தாலும் விறகடுப்பை இடிக்க மாட்டார்கள். அடுத்தது மருந்து, குழந்தைகளுக்கான பால் பவுடர், பருப்பு, எண்ணெய். நொதிக்கவைத்த 'ங்காரி' மீன் எப்படியும் வீட்டில் இருக்கும்.

இவ்வாறு பார்த்தால், எந்தப் பொருள் ஒரு வீட்டில் கூடுதலாக இருக்கிறது என்பதைக் கொண்டே அந்த ஊர் எதனால் அடிபட்டது என்று சொல்லிவிடலாம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாத தில்லியின் சங்கம் விஹார் வீடுகளில் மூலைக்கு மூலை நீல நிற டிரம் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆனால் மணிப்பூரில் 2023 மே 3-ஆம் தேதி வெடித்த வன்முறை இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கியது. சுமார் 60,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். இரு தரப்பிலும் பலரது வீடுகள் எரிந்தன. நிரப்பி வைத்த உருளையும் சேர்த்து வைத்த அரிசியும் வீட்டோடு போயின. உடுத்திய துணியுடன் முகாம்களுக்கு வந்தவர்களுக்கு அப்போது தேவைப்பட்டவை ஆதார் அட்டை, பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கும் அவசரகாலப் பையில் டார்ச், பேட்டரி, குடிநீர், உலர் உணவு, முதலுதவி மருந்துகள் ஆகியவற்றுடன் முக்கிய ஆவணங்களின் நகல்களை நீர் புகாத உறையில் வைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அவலும் வெல்லமும்

அரசு சொல்வதை நம்பிச் சேர்க்கும் மாநிலமும் உண்டு. 1999 அக்டோபர் 29-ஆம் தேதி ஒடிஸாவைத் தாக்கிய பெரும் புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதன் பிறகு அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி ஆணையம் அமைத்தது. கடலோரங்களில் புயல் காப்பகங்களைக் கட்டியது. 2013-இல் பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது. 2019 மே 3-ஆம் தேதி புரி அருகே ஃபானி புயல் கரை கடக்கும் முன் சுமார் 12 லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர்.

அங்கும் புயல் எச்சரிக்கை வந்தால் கடைகளில் கூட்டம் சேரும். உருளைக்கிழங்கு விலை ஏறும். ஆனால் என்ன வாங்குவது என்பதில் குழப்பம் இல்லை. 'சூடா', 'குடா', அதாவது அவலும் வெல்லமும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். நனைத்தால் போதும். அரசின் நிவாரணப் பொட்டலத்திலும் அதுவே இருக்கும். எச்சரிக்கை சொன்ன நாளில் புயல் வந்தது, சொன்ன இடத்தில் கரை கடந்தது என்பதை ஒடிஸா மக்கள் பலமுறை கண்டுவிட்டனர். ஆகவே அங்கே சேமிப்பு என்பது மூன்று, நான்கு நாளைக்கு உரியது. நான்கு மாதத்துக்கு உரியது அல்ல.

சேர்க்க இயலாதவர்கள்

2020 மார்ச் 19-ஆம் தேதி நாட்டு மக்களிடையே உரையாற்றிய பிரதமர் நரேந்திர மோடி, பொருள்களை வாங்கிக் குவிக்க வேண்டாம், வழக்கம் போல வாங்குங்கள் என்று கேட்டுக் கொண்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் முகக் கவசமும் கிருமிநாசினியும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டு வரப்பட்டிருந்தன. 24-ஆம் தேதி இரவு 8 மணிக்கு, நள்ளிரவு முதல் 21 நாள் பொது முடக்கம் என்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் தில்லியின் மளிகைக் கடைகளில் நடந்ததைத் தலைநகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். உணவுப் பொருள் விநியோகம் பெரும்பாலும் தடையின்றி நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் கடைக்குச் செல்லாதவர்கள் பலர். அவர்களுக்கு அச்சம் இல்லாமல் இல்லை, பணம் இல்லை. அன்றாடக் கூலியில் வாழும் வீடு பருப்பை 100 கிராமாகவும், எண்ணெயைச் சிறு பாக்கெட்டாகவும், எரிவாயுவை ஐந்து கிலோ உருளையாகவும் வாங்குகிறது. அதுவே ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பது அந்த வீட்டுக்கும் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் நால்வர் படுக்கும்போது மூட்டையை எங்கே வைப்பது என்பதும் தெரியும். எந்தத் தட்டுப்பாட்டிலும் முதலில் கடைக்கு ஓடுபவர் கையில் காசு உள்ளவர். அவர் வாங்கிச் சென்ற பின் ஏறிய விலையில் வாங்குபவர் அன்றைய கூலியை மாலையில் பெற்றவர்.

மார்ச் 26-ஆம் தேதி, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு ஐந்து கிலோ தானியமும் குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பும் இலவசம் என மத்திய அரசு அறிவித்தது. பெருந்திட்டம்தான். ஆனால் தில்லியில் கூலி வேலை செய்த பிகார் தொழிலாளியின் ரேஷன் அட்டை பிகாரில் இருந்தது. அறையில் இரண்டு நாளைக்கான மாவு, ஊரில் அட்டை. 28-ஆம் தேதி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் திரண்ட ஆயிரக்கணக்கானோரைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும். சேமிப்பு இருக்கும் இடத்தை நோக்கி அவர்கள் நடந்தார்கள். எந்த மாநிலத்து அட்டைக்கும் எங்கும் பொருள் வாங்கும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் எல்லா மாநிலங்களையும் எட்டியது 2022-இல்தான்.

சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் எல்லை எது என்ற கேள்வியையும் இங்கே தவிர்க்க முடியாது. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்படி அவ்வப்போது விதிக்கப்படும் இருப்பு வரம்புகள் பெரும்பாலும் வணிகர்களையும் ஆலைகளையும் நோக்கியவை. 2023 ஜூனில் கோதுமைக்கு விதிக்கப்பட்ட வரம்பும் அத்தகையதே. ஆனால் நெருக்கடி முற்றும்போது ஆட்சியாளர்களின் பார்வை வீடுகள் மீதும் திரும்புவது உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தின்போது, தானியம் பதுக்கப்பட்டிருப்பதே காரணம் என்று கருதிய அன்றைய மாகாண அரசு கிராமங்களில் வீடு வீடாக இருப்பைக் கணக்கெடுத்தது. கல்கத்தாவும் ஹௌராவும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கப்பட்டன. கிராமத்து வீடுகளில் எதிர்பார்த்த குவியல்கள் அகப்படவில்லை.

காஷ்மீரில் 2025 ஜூன் 6-ஆம் தேதி கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சரக்கு ரயிலும் பள்ளத்தாக்கை எட்டியது. இனி உலர்காய்க்கு வேலை இல்லை என்று பலரும் பேசினர். அந்த ஆகஸ்டின் கடைசி வாரத்தில் ஜம்மு பகுதியில் பெருமழை பெய்தது. உதம்பூர் அருகே நெடுஞ்சாலை சரிந்தது. ஜம்மு, கட்ரா ரயில்களும் நாள் கணக்கில் நிறுத்தப்பட்டன. செப்டம்பரில் ஆப்பிள் ஏற்றிய லாரிகள் ஆயிரக்கணக்கில் சாலையில் நின்றன, பழங்கள் அழுகின. நடுச் செப்டம்பரில் பட்காமிலிருந்து தில்லி ஆதர்ஷ் நகருக்கு ஆப்பிள் கொண்டுவரத் தனிப் பார்சல் ரயில் விடப்பட்டது. சுரைக்காய் காயவைக்கும் பருவமும் அதுவே.